6 கிலோமீட்டர் வைஃபை இணைப்புக்கு எவ்வளவு பெரிய டிஷ் வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மொரீஷியஸின் ரோஸ் பெல் ஊரில் உங்கள் அண்ணன் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அங்கிருந்து கடல் பக்கமாக இறங்கினால், கரும்புக் காட்டுக்கு நடுவில் உங்கள் காய்கறித் தோட்டம். நேர்க்கோட்டில் 6 கிலோமீட்டர். நான்கு கேமரா, பம்பை இயக்க ஒரு சின்னக் கருவி, ஷெட்டில் தங்குபவர்கள் போனில் பேச ஒரு வைஃபை, இவ்வளவுதான் தேவை. கடைக்காரர் இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் டிஷ் போடச் சொல்கிறார். உறவினர் ஒருவர் தன் வீட்டில் சும்மா கிடக்கும் 12 டிபிஐ ஓம்னி ஆன்டெனாவே (எல்லாப் பக்கமும் பரப்பும் வகை; டிபிஐ என்பது ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு) போதும் என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் கேட்க வேண்டியது எந்த ஆன்டெனா அதிக டிபிஐ என்பதல்ல. உங்கள் தேவைக்கு எவ்வளவு சிக்னல் போதும், அதைத் தரும் மிகச் சிறிய ஆன்டெனா எது, அது ஒரு புயல் காலத்தைத் தாண்டி அதே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்குமா என்பதுதான். மொரீஷியஸில் கரும்புத் தோட்டங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் இந்த மாதிரி இணைப்புகள் போட்டுக்கொடுப்பதே பல வருடங்களாக என் வேலை. மழையாலோ தூரத்தாலோ செத்துப்போன லிங்கை நான் பார்த்தது குறைவு. காற்றில் திரும்பிப்போன டிஷ், உப்பு தின்ற கனெக்டர், வளர்ந்து மறைத்த கரும்பு, இவற்றால் செத்தவைதான் அதிகம்.

தூரத்தைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலியும் அவருடைய குழுவினரும் 2007-ல் சாதாரண வைஃபை ரேடியோக்களை வைத்து இரண்டு மலை உச்சிகளுக்கு இடையே 382 கிலோமீட்டருக்கு இணைப்பு ஏற்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை, பல கிலோமீட்டர் தள்ளி இருந்த கிராமக் கண் மையங்களோடு பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று இதே வகை வைஃபையால் இணைத்தது. நோயாளி கிராமத்தில் இருந்தபடியே மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். இந்த இரண்டிலும் இருந்த பொது அம்சம் ஒன்றே: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடுவில் எதுவும் குறுக்கே இல்லை. அது இருந்தால் 6 கிலோமீட்டர் எளிது. அது இல்லாவிட்டால் 600 மீட்டரும் கஷ்டம்.

ஆகவே ஆன்டெனாவுக்கு முன்னால் பாதை. மொட்டை மாடியில் நின்று பைனாகுலரில் பார்த்தால் ஷெட் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிகுறிதான், ஆனால் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒல்லியாகப் போவதில்லை. இரண்டு முனைகளிலும் கூர்ந்து நடுவில் பருத்த ஓர் இடம் அதற்கு வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பது இதுதான். 5.8 கிகாஹெர்ட்ஸில் 6 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் சுமார் 8.8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது சுமார் 5.3 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இந்தத் தூரத்தில் அரை மீட்டர் சேர்த்தால் போதும். இதே பாதையை 2.4 கிகாஹெர்ட்ஸில் போட்டால் நடுவில் சுமார் 8.2 மீட்டர் காலி வேண்டும். 2.4 போட வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். ஊரில் எல்லா வீட்டு ரவுட்டரும் அதில் கத்திக்கொண்டிருப்பது இன்னொரு காரணம்.

இங்கேதான் கரும்பு வருகிறது. நம் தீவில் வெட்டு ஜூன் வாக்கில் தொடங்கி வருடக் கடைசி வரை போகிறது. நவம்பரில் போய்ப் பார்த்தால் வயல் மொட்டையாக இருக்கும். லிங்க் அருமையாக நிற்கும். அடுத்த மே மாதம் அதே வயலில் மூன்று மீட்டருக்கும் மேல் கரும்பு நிற்கும், அதன் இலையெல்லாம் ஈரம். ஈர இலை 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக விழுங்கும். ஆகவே பாதையின் நடுவில் மேட்டுநிலம் எங்கே இருக்கிறதோ, அங்கே நிலத்திலிருந்து 9, 10 மீட்டர் உயரத்தில் உங்கள் நேர்க்கோடு போகிறதா என்று கணக்குப் போடுங்கள்: கரும்புக்கு மூன்றரை, காலியிடத்துக்கு ஐந்தரை, வளைவுக்கு அரை. கூகுள் எர்த்தில் இரண்டு இடத்துக்கும் நடுவே கோடு இழுத்தால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். அது மண்ணின் உயரம் மட்டும் என்பதை மறக்காதீர்கள். காற்றுத் தடுப்பாக வயல் ஓரம் நட்டிருக்கும் சவுக்கு, இங்கே எல்லோரும் ஃபிலாவ் என்று சொல்கிறார்களே, அது அந்தப் படத்தில் வராது. அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். ரோஸ் பெல் மேட்டில் இருப்பதால் உங்களுக்கு இயற்கையிலேயே உயரம் கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் மாடியில் ஒரு குட்டைக் கம்பமே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் இது ஊகம். கோட்டை வரைந்து பார்த்தபின்தான் உறுதி.

இனி சிக்னல் கணக்கு. இதில் ஊகத்துக்கு இடமில்லை, யார் போட்டாலும் ஒரே விடைதான். வெட்டவெளியில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை 6 கிலோமீட்டர் போவதற்குள் இழப்பது சுமார் 123 டெசிபெல் (இது மடங்குக் கணக்கு: 3 டெசிபெல் கூடினால் சக்தி இரட்டிக்கும், 10 கூடினால் பத்து மடங்கு). கம்பத்தில் ஏறும் ரேடியோ எவ்வளவு வாட்டில் அனுப்புகிறது என்பதையும், ஆன்டெனா அதை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதையும் கூட்டினால் வருவது இ.ஐ.ஆர்.பி. சட்டம் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். டார்ச் விளக்கின் பல்பு அதேதான், பின்னால் இருக்கும் கிண்ணம்தான் ஒளியைத் தூரம் அனுப்புகிறது என்பது போல, ஆன்டெனா புதிதாக சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு பக்கம் குவிக்கிறது. சில நாடுகளில் 5.8-க்கு இந்த உச்சவரம்பு 36 டிபிஎம், அதாவது 4 வாட். வேறு சில இடங்களிலும், 5 கிகாஹெர்ட்ஸின் வேறு சில பகுதிகளிலும் 30 டிபிஎம், அதாவது 1 வாட். இங்கே நீங்கள் பயன்படுத்தப்போகும் சேனலுக்கு எது பொருந்தும் என்பதை வாங்குவதற்கு முன் ஐசிடிஏவிடம் (இங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம்) கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டுக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

36 டிபிஎம் வரம்பு என்றால், 123 போக, மறுமுனையில் 30 சென்டிமீட்டர் டிஷ் (அதன் கெயின் சுமார் 23 டிபிஐ) பெறும் சிக்னல் மைனஸ் 64 டிபிஎம் (மைனஸுக்குப் பின் வரும் எண் சிறிதாகச் சிறிதாக சிக்னல் பலம் கூடுகிறது என்று பொருள்). 40 சென்டிமீட்டர் டிஷ் (சுமார் 25.5 டிபிஐ) என்றால் மைனஸ் 62. கடைக்காரர் சொல்லும் 60 சென்டிமீட்டர் (சுமார் 29 டிபிஐ) என்றால் மைனஸ் 58. வரம்பு 30 டிபிஎம்மாக இருந்தால் மூன்றிலும் 6 டெசிபெல் குறையும்: மைனஸ் 70, 68, 64.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் 23 டிபிஐயிலிருந்து 29 டிபிஐக்கு மாறினால் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 6, மொத்தம் 12 டெசிபெல் கூடும் என்று கணக்குச் சொல்வார்கள். சட்டத்துக்குள் இருந்தால் அது நடக்காது. பெரிய டிஷ் போட்டதும் ரேடியோவின் அனுப்பும் சக்தியை 6 டெசிபெல் குறைத்தே ஆக வேண்டும். ஆக அனுப்பும் பக்கம் லாபம் எதுவும் இல்லை. கேட்கும் பக்கம் மட்டும் 6 டெசிபெல் கிடைக்கிறது. அது பயனுள்ள 6தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு என்ன விலை என்பதைக் கீழே சொல்கிறேன். கருவியில் நாட்டை அமெரிக்கா என்று மாற்றி வைத்து முழுச் சக்தியில் அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் லிங்க் கொஞ்சம் தெளிவாகும். பக்கத்து ஊர் லிங்க் எல்லாம் கெடும். அவர்களும் சக்தியைக் கூட்டுவார்கள். கடைசியில் எல்லோருக்கும் கேட்காது.

சரி, உங்களுக்கு எவ்வளவு போதும்? நான்கு கேமரா, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 4 மெகாபிட் என்றால் 16. மற்றதெல்லாம் சேர்த்து 20 மெகாபிட் நிலையாக வந்தால் உங்கள் வேலை முடிந்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், இரட்டைத் துருவ ஆன்டெனாவோடு (கிடைவாக்கில் ஒன்று, நெடுவாக்கில் ஒன்று என இரண்டு தரவு ஓடைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் வகை), சிக்னல் இரைச்சலைவிட, அதாவது மற்ற ரேடியோக்களின் குறுக்கீட்டைவிட, 15 டெசிபெல் மேலே இருந்தாலே இதற்கு ஏறக்குறைய போதும். இதன் மேல் 10 டெசிபெல் கையிருப்பு வைத்துக்கொள்வது என் வழக்கம். மழை, கொஞ்சம் திரும்பிய டிஷ், வருடாவருடம் கூடும் இரைச்சல், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மழைக்காகத் தனியாகக் கவலைப்பட வேண்டாம். 5.8 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று கொட்டினாலும் இழப்பு கிலோமீட்டருக்கு 1 டெசிபெலை ஒட்டித்தான் இருக்கும், அப்படிப்பட்ட மழை 6 கிலோமீட்டர் முழுவதும் ஒரே நேரத்தில் பெய்வதும் அபூர்வம். 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வேறு கதை. அந்த அலைவரிசையில் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் விழுங்கிவிடும், மழை வேறு. உங்கள் தூரத்துக்கு அது வேண்டாம்.

தள்ளி உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்ல முடியாத ஒன்று இரைச்சல். ஆள் நடமாட்டம் இல்லாத வெளியில் அது மைனஸ் 95 டிபிஎம்மை ஒட்டி இருக்கும். நெருக்கமான ஊரில், அதுவும் மேட்டில், மைனஸ் 80 வரைகூட ஏறிவிடும். அப்படியானால் அதே மைனஸ் 64 சிக்னல் ஓர் இடத்தில் தாராளம், இன்னோர் இடத்தில் வெறும் 16 டெசிபெல். உங்கள் விஷயத்தில் இரண்டு முனைகளும் ஒன்றல்ல. தோட்டத்துப் பக்கம் அமைதி. ரோஸ் பெல் மாடியோ ஊருக்குள், உயரத்தில். சுற்றியுள்ள எல்லா ரேடியோவும் அதன் காதில் விழும். இதில் கேமராப் படம் எந்தப் பக்கம் போகிறது? தோட்டத்திலிருந்து வீட்டுக்கு. அப்படியென்றால் கஷ்டப்பட்டுக் கேட்க வேண்டிய ஆன்டெனா ரோஸ் பெல்லில் இருப்பது. அங்கே குறுகிய பார்வை வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே டிஷ் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். ரோஸ் பெல்லில் 40 சென்டிமீட்டர், தோட்டத்தில் 30 சென்டிமீட்டர். இதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் அளவு. ஐசிடிஏ சொல்லும் வரம்பு 30 டிபிஎம்மாக இருந்தால் தோட்டத்திலும் 40 போடுங்கள். மாடியில் ஸ்கேன் செய்து பார்த்து, எந்தச் சேனலிலும் இரைச்சல் மைனஸ் 80-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் மட்டும் ரோஸ் பெல்லில் 60 பற்றி யோசிக்கலாம். சேனல் அகலத்தை ஆசைப்பட்டு 80 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேண்டாம். 20-க்கு இருப்பதைவிட 6 டெசிபெல் இரைச்சல் கூடுதலாக உள்ளே வரும், பெரிய டிஷ்ஷால் சம்பாதித்தது அங்கேயே போய்விடும்.

60 சென்டிமீட்டரை ஏன் இவ்வளவு தள்ளி வைக்கிறேன் என்றால், காற்று. இந்தத் தீவில் ஆன்டெனா வாங்குபவர் டிபிஐ பார்ப்பதற்கு முன்னால் பரப்பளவைப் பார்க்க வேண்டும். 1960 பிப்ரவரியில் வந்த கேரோல் புயலில் மணிக்கு 256 கிலோமீட்டர் வீச்சு பதிவானது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலில் 280. கேரோலுக்குப் பிறகுதான் இங்கே மரமும் தகரமும் போய் காங்கிரீட் வீடும் தட்டையான தளமும் பரவலாயின. வீடு நிற்கும், அதன் மேல் நாம் நட்ட கம்பம் நிற்குமா என்பது தனிக் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சில் 30 சென்டிமீட்டர் திடமான டிஷ்ஷின் மீது விழும் தள்ளுவிசை சுமார் 6 கிலோ எடைக்குச் சமம். 40-க்கு 11 கிலோ. 60-க்கு 25 கிலோ. இது தாங்கும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஜெர்வேஸ் அளவுக்கு வீசினால் 30 சென்டிமீட்டருக்கு 34 கிலோ, 40-க்கு 60 கிலோ, 60-க்கு 136 கிலோ. இந்த 136 கிலோ மூன்று மீட்டர் கம்பத்தின் உச்சியில் பக்கவாட்டில் இழுக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கம்பத்தின் அடியில் தளத்தில் இறக்கியிருக்கும் போல்ட்டுகளுக்கு அது பல மடங்காகப் போய்ச் சேரும். டிஷ் பறந்து அடுத்த வீட்டு ஜன்னலில் விழுவது ஒரு பக்கம். போல்ட் பிடுங்கிக்கொண்டு தளத்தில் விரிசல் விட்டு, அடுத்த மழையில் அண்ணன் வீட்டு அறைக்குள் தண்ணீர் ஒழுகுவது இன்னொரு பக்கம். என் எண்கள் தோராயமானவை. டிஷ்ஷின் வடிவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். முன்னால் குவிந்த மூடி உள்ளவை கொஞ்சம் லேசாகத் தாங்கும். ஆனால் அளவுகளுக்கு இடையே உள்ள விகிதம் மாறாது: விட்டம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு.

பறக்காமல் நின்றாலும் பெரிய டிஷ்ஷுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கதிர் அகலம், அதாவது அதன் அலை விரிந்து போகும் கோணம், சுமார் 6 பாகை. காற்றில் கம்பம் 3 பாகை திரும்பினால் சக்தியில் பாதி போய்விடும். 6 பாகை திரும்பினால் 12 டெசிபெல் வரை போகும். நீங்கள் பெரிய டிஷ் போட்டு வாங்கிய 6 டெசிபெல்லை அது இரட்டிப்பாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. 30 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கதிர் 12 பாகை. அதே 6 பாகை திரும்பினால் 3 டெசிபெல்தான் போகும். நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். புயல் சீசன் முடிந்து ஏணி போட்டு ஏறும்வரை லிங்க் ஓடிக்கொண்டிருக்கும்.

புயல் வரும்போது கழற்றி வைப்பதே மிகச் சிறந்த பாதுகாப்பு. நம்மிடம் எச்சரிக்கை முறை நன்றாக இருக்கிறது. வாக்வாவிலிருந்து வானிலை நிலையம் முதல் வகுப்பு எச்சரிக்கை கொடுப்பது, 120 கிலோமீட்டர் வீச்சு தீவைத் தொடுவதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னால். இரண்டாம் வகுப்பில் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் இருக்கும்படி அறிவிக்கிறார்கள். கழற்றும் வேலையை இரண்டாம் வகுப்புக்குள் முடித்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பு வந்தபின் மாடியில் ஏறக் கூடாது. இதற்காக முதலிலேயே ஒன்று செய்யுங்கள். கம்பத்தில் இறுக்கும் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டியிராமல், டிஷ் மட்டும் அதிலிருந்து தனியாக வரும்படியான மாடல் வாங்குங்கள். திசை வைத்து முடித்ததும் கம்பத்துக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். சாய்வுக்கும் ஒரு கோடு. புயல் போனபின் கோட்டுக்குக் கோடு பொருத்தினால் லிங்க் உடனே எழும். பிறகு ஒரு பாகை இரண்டு பாகை சரிசெய்தால் போதும்.

மற்ற வகை ஆன்டெனாக்களைப் பற்றிச் சுருக்கமாக. உறவினர் தரும் ஓம்னி எல்லாப் பக்கமும் பரப்பும், எல்லாப் பக்கத்து இரைச்சலையும் கேட்கும். நடுவில் ஒரு நிலையம், சுற்றிலும் பல வீடு என்றால் அதற்கு வேலை உண்டு. ஒன்றுக்கொன்று என்ற உங்கள் இணைப்பில் அதை ரோஸ் பெல் மாடியில் வைத்தால் ஊர் முழுவதும் அதன் காதில் விழும். கம்பி வலை மாதிரியான கிரிட் ஆன்டெனா காற்றை விடும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலானவை ஒற்றைத் துருவம், அதனால் இரண்டு தரவு ஓடைகளில் ஒன்று போய் வேகம் பாதியாகும். யாகி பெரும்பாலும் 2.4-க்கானது. தட்டையான பேனல், 16 டிபிஐ அளவில், ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு அருமையானது; தைப்பூசக் காவடிக்கு மூன்று நாள் கோவிலிலிருந்து நேரலை அனுப்ப வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முக்காலியில் அதைத்தான் கட்டிக்கொடுக்கிறோம், காவடியும் புயல் சீசனில்தானே வருகிறது, இரவில் இறக்கி வைப்பது சுலபம். உங்கள் 6 கிலோமீட்டருக்கு அது இழுபறி.

எதை வாங்கினாலும் ரேடியோவும் ஆன்டெனாவும் ஒன்றாக இணைந்து வருவதாகப் பாருங்கள். யுபிக்விட்டி, மைக்ரோடிக், கேம்பியம், டிபி-லிங்க் எல்லாரிடமும் அந்த வகை இருக்கிறது. ரேடியோவைக் கீழே அறையில் வைத்துவிட்டு, கோஆக்சியல் கேபிளில் மாடிக்கு சிக்னல் கொண்டுபோவது பழைய முறை. நல்ல தடித்த எல்எம்ஆர்-400 கேபிளே 5.8-ல் மீட்டருக்கு மூன்றில் ஒரு டெசிபெல் தின்னும். 10 மீட்டருக்கு மூன்றரை போய்விடும். மெல்லிய ஆர்ஜி-58 என்றால் அதைப் போல மூன்று மடங்கு. ரேடியோ மேலேயே இருந்தால் கீழிறங்குவது ஈதர்நெட் கேபிள் மட்டும். அதிலேயே மின்சாரமும் ஏறும். 100 மீட்டர் வரை இழப்பைப் பற்றிக் கவலை இல்லை. வெளியில் போடும் வகைக் கேபிளாக, ஷீல்டு உள்ளதாக வாங்குங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் இந்த வெயிலில் தோல் வெடித்துவிடும்.

தென்கிழக்குப் பக்கம் என்பதால் உப்பைச் சொல்லாமல் விட முடியாது. வருடத்தில் பெரும்பகுதி காற்று கடலிலிருந்து உங்கள் தோட்டத்தை நோக்கித்தான் வீசுகிறது. சாதாரண போல்ட் ஒரு வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிடும், புயலுக்கு முன்னால் கழற்ற வராது. துருப்பிடிக்காத எஃகு போல்ட், அதிலும் கடலோரத்துக்கான 316 தரம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட். நட்டில் கிரீஸ் தடவுங்கள். கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் இடம் கீழ்நோக்கி இருக்கட்டும். நுழைவதற்கு முன் கேபிளை ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

திசை வைக்கும்போது பலர் தவறவிடுவது ஒன்று. எல்லா டிஷ்ஷுக்கும் முதன்மைக் கதிரின் இரு பக்கமும் சின்னச் சின்னக் கதிர்கள் உண்டு. அவற்றில் ஒன்று மறுமுனையைப் பிடித்தாலும் லிங்க் எழும், விளக்கு எரியும். வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவார்கள். ஆனால் சிக்னல் 15, 20 டெசிபெல் குறைவாக இருக்கும். மேலே போட்ட கணக்கின் உண்மையான பயன் இங்கேதான். கணக்கு மைனஸ் 62 சொல்லி, திரையில் மைனஸ் 80 வந்தால் நீங்கள் பக்கக் கதிரில் இருக்கிறீர்கள், அல்லது பாதையில் ஏதோ மறைக்கிறது. உச்சம் வந்தபின்னும் இரண்டு பக்கமும் தாண்டித் திருப்பிப் பார்த்து, அப்புறம் உச்சத்துக்குத் திரும்புங்கள். மேலும் கீழும் அப்படியே. இரண்டு இடத்துக்கும் 200 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும் என்று வைத்தால் ரோஸ் பெல் டிஷ் சுமார் 2 பாகை கீழே பார்க்க வேண்டும், தோட்டத்து டிஷ் அதே அளவு மேலே. கணக்குக்கு 3 டெசிபெல் பக்கத்தில் வந்துவிட்டால் போதும். கருவி இரண்டு துருவத்துக்கும் தனித்தனியாக சிக்னல் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இல்லாவிட்டால் ஒரு டிஷ் சற்று சுழன்று மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது உள்ளே ஒரு இணைப்பு சரியில்லை. கருவியில் தூரம் என்ற அமைப்பு இருந்தால் 6-க்குச் சற்று மேலே வையுங்கள். அலை போய்வர 40 மைக்ரோ விநாடி ஆகிறது. வீட்டு ரவுட்டர் அவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்காது. போய்ச் சேர்ந்ததையே சேரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

இரண்டு கம்பத்துக்கும் பூமிக் கம்பி, ஈதர்நெட் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இடிதாங்கிப் பெட்டி, இரண்டையும் தவிர்க்காதீர்கள். நேரடி இடியை எதுவும் தாங்காது, பக்கத்தில் விழும் இடியை இவை தாங்கும். தோட்டத்தில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரேடியோ 8 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 200 வாட்-மணிக்கும் குறைவு. ரேடியோவை மட்டும் பார்த்தால் 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளைக்கு மேல் தாங்கும். கேமராக்களையும் அதில் கோர்த்தால் அவற்றின் வாட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால், ரேடியோ கருவி என்பதால் ஐசிடிஏ அனுமதி இல்லாமல் சுங்கத்தில் நிற்கும். இங்கேயே அனுமதி பெற்ற மாடலை வாங்குவது தலைவலியைக் குறைக்கும்.

பணம் செலவழிப்பதற்கு முன் இன்னொன்று. ஷெட்டின் கூரையில் நின்று போனில் 4ஜி வேகம் பாருங்கள், காலையிலும் மாலை ஏழு மணிக்கும். அப்லோட் நிலையாக 20 மெகாபிட் வந்தால், வெளியில் பொருத்தும் 4ஜி ரவுட்டர் ஒன்று இந்த இரண்டு டிஷ், இரண்டு கம்பம், இரண்டு ஏணி எல்லாவற்றையும் மிச்சப்படுத்தும். மாதக் கட்டணம் எவ்வளவு வரும், நான்கு கேமரா ஒரு மாதத்தில் எவ்வளவு டேட்டா தின்னும் என்பதை மட்டும் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். கேமரா 24 மணி நேரமும் அனுப்பிக்கொண்டே இருந்தால் சொந்த லிங்க்தான் கட்டுப்படியாகும். அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பினால் 4ஜியே போதும் என்று முடிவாகலாம்.

4ஜி சரிப்படவில்லை என்றால், கூகுள் எர்த்தில் எடுத்த நிலக்கோட்டுப் படத்தையும், சவுக்கு வரிசை எங்கே எவ்வளவு உயரம் என்ற குறிப்பையும், இரவல் கிடைக்கும் ஏதாவது ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் கருவியால் ரோஸ் பெல் மாடியில் சாயங்காலம் எடுத்த ஸ்கேனையும் இங்கே போடுங்கள். எந்தச் சேனல், எவ்வளவு உயரக் கம்பம் என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.